எண்ணா, எழுத்தா?

1985 மார்ச் முதலாம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் பழைய இலங்கைத் தேசிய அடையாள அட்டையில் இலக்கம் 85561 என்று தொடங்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணாக இருந்தால் அதனுடன் 500ஐக் கூட்டிவிடுவார்கள். 1985 நெட்டாண்டு அல்லவே, மார்ச் முதலாம் திகதி அறுபதாவது நாள்தானே என்று கேட்கத் தோன்றும். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாக வைத்தே எண்ணுவது இந்த இலக்கத்தின் வழக்கம். ஆகவே 61, அதோடு 500. அதற்குப் பிறகு நான்கு இலக்கங்கள். முடிவில் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்று ஓர் ஆங்கில எழுத்து.

ஒருவரின் வயதும் பாலும் இந்தப் பத்து இடங்களுக்குள் இருக்கின்றன என்பதால், தொழிலாளர் பட்டியல் வைத்திருக்கும் எவருக்கும் இதிலிருந்து அவற்றை எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். உதாரணமாக, ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் மீளப் பெறலாம். கொழும்பு–இரத்தினபுரி ஏ4 வீதியில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னால் இருக்கிறது குருவிட்ட. தேயிலையும் இறப்பரும் கலந்த தாழ்நிலத் தோட்டங்கள் உள்ள பகுதி. அங்கே ஒரு தோட்டத்தின் பெயர்ப்பட்டியல் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் ஏற்றப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கக்கூடியவர்கள் யார் என்று அலுவலகம் கேட்கிறது. செயலியை எழுதியவர் தரவுத்தளத்துக்கு ஒரு வினவல் கொடுக்கிறார்: அடையாள அட்டை இலக்கத்தின் மூன்றாம் இடத்திலிருந்து மூன்று இலக்கங்களை வெட்டி எடு, அது 500ஐ விடப் பெரிதென்றால் பெண், அவருக்கு 50 வயது ஆகிவிட்டதா என்று பார்.

பட்டியல் வருகிறது. அதில் தோட்டத்தின் ஆண்கள் அத்தனை பேரும் பெண்களாக இருக்கிறார்கள். 50க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண்கள் எல்லோரும் நிதி பெறத் தகுதியானவர்கள் என்று செயலி சொல்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் பெண்களின் பட்டியல் நீளமாக இருப்பது யாருக்கும் வியப்பல்ல. ஆகவே மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணிலும் படாது. அதை நம்பி இரத்தினபுரிக்குப் போன 51 வயது மனிதர் அன்றைய பேரை, அதாவது அன்றைய நாட்கூலியை இழந்து, பஸ் காசையும் இழந்து, இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது என்ற பதிலோடு திரும்புவார்.

என்ன நடந்தது? அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் தரவுகளை வைத்திருக்க வழக்கமாகப் பயன்படுவது எஸ்.கியூ.லைட். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000இல் வெளியிட்ட சிறிய தரவுத்தளம் அது. உலகத்தில் மிக அதிகமான கருவிகளில் இயங்கும் தரவுத்தளமும் அதுவாகவே இருக்கும். அதன் விதி ஒன்று: வேறு வேறு வகையான இரண்டு பெறுமதிகளை ஒப்பிடும்போது, எந்த எண்ணும் எந்த எழுத்துச் சரத்தையும் விடச் சிறியது. ‘061’ என்று வெட்டி எடுத்த துண்டு எழுத்து. அதோடு ஒப்பிடும் 500 எண். ஆகவே ‘061’ பெரிது. ‘001’ம் பெரிது. வெறும் இடைவெளி இருந்தாலும் பெரிது. வடிகட்டி என்று வைத்த நிபந்தனை எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டது.

இதே வினவலை மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தில் ஓட்டினால் சரியான விடை வரும். அது ‘061’ஐத் தானாகவே 61 என்ற எண்ணாக மாற்றிக்கொண்டு, 500ஐ விடச் சிறியது என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓட்டினால் விடையே வராது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட எனக்குத் தெரியாது என்று பிழைச் செய்தி காட்டி நிற்கும். கேள்வி ஒன்றுதான், விடை மூன்று. அலுவலகக் கணினியில் மை எஸ்.கியூ.எல். வைத்துச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று திருப்தியாகி, அதே வரியைக் கைத்தொலைபேசிச் செயலிக்குள் ஒட்டியவர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தரவுத்தளத்தில் வடிகட்டும் வேலையைச் செய்வது ‘வெயர்’ என்ற சொல். ஐ.பி.எம். நிறுவனத்தில் டொனால்ட் சம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் 1974இல் முன்வைத்த வினவல் மொழியிலிருந்து வந்தது. இந்தப் பெயர்ப்பட்டியலிலிருந்து இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கொடு என்பதே அதன் பொருள். அந்த மொழிக்கு அடித்தளமான கோட்பாட்டை 1970இல் எழுதியவர் எட்கர் கொட். அவருடைய கோட்பாட்டில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பெறுமதித் தொகுதி உண்டு. அடையாள அட்டை இலக்கத்தின் புலத்தில் இருப்பவை அடையாள அட்டை இலக்கங்கள். கிலோவின் புலத்தில் இருப்பவை கிலோக்கள். ஒரே தொகுதியைச் சேர்ந்தவற்றை ஒப்பிடலாம், சேராதவற்றை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பிற்பாடு வணிகத்துக்கு வந்த தரவுத்தளங்கள் இந்தக் கண்டிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. முழுவெண், தசமம், எழுத்துச் சரம், திகதி என்று சில வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு, வகைகள் முட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது என்பதை ஒவ்வொன்றும் தன் போக்கில் தீர்மானித்துக்கொண்டது. நாம் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தத் தீர்மானங்களின் பிள்ளைகள்.

மை எஸ்.கியூ.எல்.இன் தீர்மானத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எழுத்துப் புலம் ஒன்றை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் இரண்டையும் தசம எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடும். எழுத்துச் சரத்தின் தொடக்கத்தில் எவ்வளவு தூரம் எண்ணாக வாசிக்க முடியுமோ அவ்வளவு வாசிக்கும், மீதியைக் கைவிடும். யாருக்கும் சொந்தமாகிவிடக் கூடாது என்பதற்காகக் கடைசி நான்கு இலக்கங்களையும் பூச்சியமாகவே போட்டுக்கொள்வோம்: ‘855610000வீ’ என்ற பதிவை 855610000 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் பொருந்துகிறது என்று சொல்லும். ‘855610000எக்ஸ்’ என்று இன்னொரு பதிவு இருந்தால் அதுவும் பொருந்தும். கடைசியில் தவறுதலாக இரண்டு எழுத்து அடித்திருந்தாலும் பொருந்தும். எச்சரிக்கை ஒன்று உள்ளே பதிவாகும், ஆனால் அதைக் கேட்டுப் பார்ப்பவர் குறைவு.

எண்ணாக வாசிக்க முதல் எழுத்திலேயே எதுவும் இல்லையென்றால்? அப்போது அந்தச் சரத்தின் பெறுமதி பூச்சியம். தோட்டத்துப் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடையாள அட்டை இல்லாதவர்களின் கட்டத்தில் என்னவெல்லாம் எழுதியிருக்கும் என்று: வெறுமையாக விட்டிருப்பார்கள், ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள், ‘விண்ணப்பித்துள்ளார்’ என்று எழுதியிருப்பார்கள், ஒரு கோடு போட்டிருப்பார்கள். மை எஸ்.கியூ.எல்.க்கு இவை அத்தனையும் பூச்சியத்துக்குச் சமம். அடையாள அட்டை இலக்கம் பூச்சியமாக உள்ளவர்களைக் கொடு என்று கேட்டால் அட்டை இல்லாத எல்லோரும் ஒரே ஆளாக வந்து நிற்பார்கள்.

இது பாதுகாப்புக் கோளாறாகவும் மாறும் என்பதை 2013 ஜனவரியில் உலகம் கண்டது. ரூபி மொழியில் இணையத்தளம் கட்டுபவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘டிவைஸ்’ என்ற உள்நுழைவு மென்பொருள். கடவுச்சொல்லை மறந்தவருக்கு அது ஓர் இரகசியக் குறியீட்டை அனுப்பும். அந்தக் குறியீட்டைத் திருப்பிக் கொடுத்தால் கடவுச்சொல்லை மாற்றலாம். குறியீடு எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம். தாக்குபவர் அந்தச் சரத்தை ஊகிக்கத் தேவையில்லை. குறியீட்டின் இடத்தில் 0 என்ற எண்ணை, சரமாக அல்லாமல் எண்ணாகவே, அனுப்பினால் போதும். பின்னால் மை எஸ்.கியூ.எல். இருந்தால், குறியீடு பூச்சியத்துக்குச் சமமான வரியைத் தேடும்; எழுத்தில் தொடங்கும் எந்தக் குறியீடும் பூச்சியத்துக்குச் சமம்; ஆக யாரோ ஒருவரின் கணக்கு திறந்துகொள்ளும். அவசரத் திருத்தம் வெளியிடப்பட்டது. வடிகட்டும் வரி எழுதப்பட்ட முறையில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. அதற்குள் வந்து விழுந்த பெறுமதியின் வகையை யாரும் பார்க்கவில்லை.

தசம எண்ணாக மாற்றுவதில் இன்னொரு பள்ளமும் உண்டு. கணினி தசம எண்ணுக்கு ஒதுக்கும் எட்டு பைட்டில் 9,007,199,254,740,992 வரைக்கும்தான் முழுவெண்கள் எல்லாம் பிசகாமல் நிற்கும். அதற்கு மேல் அடுத்தடுத்த எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மை எஸ்.கியூ.எல்.இன் கையேட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: 18015376320243459 என்ற எண்ணை, அதே இலக்கங்கள் கொண்ட எழுத்துச் சரத்தோடு ஒப்பிட்டால் சமமில்லை என்று விடை வரும். நம்முடைய அடையாள அட்டை இலக்கங்கள் அவ்வளவு நீளமில்லை என்பதால் இந்தப் பள்ளத்தில் விழாது.

ஆனால் அவற்றுக்கென்றே ஒரு பள்ளம் 2016 ஜனவரி முதலாம் திகதி திறந்தது. 2000இல் பிறந்தவர்கள் 16 வயதை எட்டும் ஆண்டு அது. பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம் இனிப் போதாது என்பதால் அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கமாக நீண்டது. கடைசி எழுத்து போய்விட்டது. மேலே சொன்ன 855610000வீ புதிய வடிவத்தில் 198556100000 ஆகும்: முன்னால் 19 சேர்ந்துகொள்கிறது, நாள் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைகிறது, எழுத்து உதிர்கிறது. பழைய அட்டைகளும் செல்லும் என்பதால் இரண்டு வடிவங்களும் இன்று ஒரே பட்டியலில் அருகருகே இருக்கின்றன.

2016க்கு முன்னர் எழுதப்பட்ட ஒரு மென்பொருளை எண்ணிப் பாருங்கள். கடைசியில் இருக்கும் எழுத்தைக் கழற்றிவிட்டால் ஒன்பது இலக்கம்தானே, எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியவர் நினைத்திருப்பார். நான்கு பைட் முழுவெண்ணின் எல்லை 2,147,483,647. ஒன்பது இலக்கம் எதுவும் அதைத் தாண்டாது. அன்றைக்கு அது நியாயமான முடிவு. பிறகு புதிய அட்டையோடு ஓர் இளைஞர் பெயர் பதிய வருகிறார். 12 இலக்கம் அந்தப் புலத்தில் அடங்காது. கண்டிப்பு முறை நிறுவப்பட்ட தரவுத்தளமானால் பதிய மறுத்துவிடும், அத்தோடு கோளாறு வெளியே தெரியும். மை எஸ்.கியூ.எல்.இல் இந்தக் கண்டிப்பு முறை 2015 ஒக்டோபரில் வந்த 5.7ஆம் பதிப்பிலிருந்துதான் இயல்பாக இயங்குகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில், யாராவது வேண்டுமென்று அதை இயக்கியிருந்தாலொழிய, அடங்காத எண்ணை அது எல்லைக்கு வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும். முதல் இளைஞரின் இலக்கம் 2147483647. அடுத்து வருபவருக்கும் 2147483647. அந்தப் புலத்தை முதன்மைச் சாவியாக வைத்திருந்தால் இரண்டாவது ஆளிலேயே மாட்டிக்கொள்ளும். இல்லையென்றால் புதிய அட்டைக்காரர் அத்தனை பேரும் ஒரே இலக்கத்தில் குவிந்து கிடப்பார்கள்; ஒருவரைத் தேடினால் எல்லோரும் வருவார்கள்; அவரவருடைய உண்மையான இலக்கத்தைத் தரவுத்தளத்திலிருந்து இனி மீட்கவே முடியாது, அட்டையை வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

எக்செல் விரிதாளும் இதற்கு இளைத்ததல்ல, அது தரவுத்தளம் இல்லாவிட்டாலும் தோட்டங்களின் தரவுகள் அதன் வழியாகவும் பயணிக்கின்றன. கட்டத்தின் வகையைக் குறிப்பிடாமல் 12 இலக்கத்தை அடித்தால் எக்செல் அதை எண் என்று கொண்டு 1.98556ஈ+11 என்ற சுருக்கத்தில் காட்டும். உள்ளே எண் முழுதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை இன்னொரு மென்பொருளுக்குக் கொடுப்பதற்காகக் காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரியும் வடிவமே கோப்புக்குள் போகும். திரும்ப வாசிக்கும்போது 198556000000. நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1985 பெப்ரவரி 24 தொடக்கம் மார்ச் 4 வரை பிறந்த எல்லாப் பெண்களுக்கும் அந்த ஒரே இலக்கம்தான் மிஞ்சும். தொலைபேசி இலக்கங்களுக்கு வேறு விதம். இரத்தினபுரி மாவட்டத்தின் 045, கேகாலையின் 035 இரண்டிலும் முன்னால் நிற்கும் பூச்சியம் எண்ணுக்கு அவசியமில்லை என்று கழன்றுவிடும். கொழும்பு 7இன் அஞ்சல் குறியீடு 00700. அது வெறும் 700 ஆகும். குருவிட்டவின் 70500 தப்பித்துக்கொள்ளும்.

பூச்சியம் கழன்றுபோவது எஸ்.கியூ.லைட்டில் நடக்கும் விதம் இன்னும் விசித்திரமானது. அதை எழுதாமல் விட மனமில்லை. புலம் ஒன்றை உருவாக்கும்போது அதன் வகையைச் சொல்கிறோம். எஸ்.கியூ.லைட் அந்தச் சொல்லை முழுதாக வாசிப்பதில்லை; உள்ளே சில துண்டுகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். ‘இன்ட்’ என்ற துண்டு இருந்தால் முழுவெண் பக்கம் சாயும். ‘சார்’, ‘டெக்ஸ்ட்’, ‘கிளொப்’ இருந்தால் எழுத்துப் பக்கம் சாயும். தெரிந்த எந்தத் துண்டும் இல்லையென்றால் எண் பக்கம் சாயும். வேறு மொழிகளில் நிரல் எழுதிப் பழகியவர், எழுத்துச் சரம்தானே என்று ‘ஸ்ட்ரிங்’ என வகையைக் கொடுப்பார். அந்தச் சொல்லுக்குள் தெரிந்த துண்டு எதுவும் இல்லை. ஆகவே எழுத்துக்காக என்று சொல்லி உருவாக்கிய புலம் எண்ணை விரும்பும் புலமாகிவிடுகிறது. 045இல் தொடங்கும் இலக்கம் 45இல் தொடங்கும் எண்ணாக உள்ளே போகிறது. பிறகு, 045 என்று தொடங்கும் இலக்கங்களை மட்டும் கொடு என்று வடிகட்டினால் ஒரு வரிகூட வராது. அதே புலத்தில் 12 இலக்க அடையாள அட்டை எண்ணாக இருக்கும். ‘வீ’யோடு முடிவது எண்ணாக மாற முடியாததால் எழுத்தாகவே இருக்கும். ஒரே புலம், இரண்டு வகை. எண் எப்போதும் எழுத்தை விடச் சிறியது என்ற விதி இங்கேயும் வேலை செய்வதால், அந்தப் புலத்தின்மீது வைக்கும் எந்தப் ‘பெரிது, சிறிது’ நிபந்தனையும் மனிதர்களை வயதால் மட்டும் பிரிக்காது, அட்டை எடுத்த காலத்தாலும் பிரிக்கும். எஸ்.கியூ.லைட்டின் ஆவணங்கள் ‘ஸ்ட்ரிங்’ விடயத்தை வெளிப்படையாகவே சொல்லி எச்சரிக்கின்றன.

இதுவரை பார்த்தது எழுத்தாக இருக்க வேண்டியதை எண்ணாக்கிய பிழைகள். நேர் எதிரானதும் உண்டு. கொழுந்து நிறுத்த கிலோக்களை எழுத்தாக வைத்தால் என்ன ஆகும்? அன்றைய இலக்கு 18 கிலோ, அதற்கு மேல் பறித்தவர்களுக்கு மேலதிகக் கிலோவுக்குக் காசு என்று இருக்கட்டும். எழுத்துச் சரங்களை இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுவார்கள். ‘9’ம் ‘18’ம் வந்தால், முதல் எழுத்தில் 9 பெரிது, அவ்வளவுதான், ஒப்பீடு முடிந்தது. 9 கிலோ பறித்தவர் மேலதிகக் கிலோப் பட்டியலில் வருவார். 22 கிலோ பறித்தவரும் வருவார், ஆனால் அவருடைய கட்டத்தில் இலக்கத்துக்கு முன்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தால் வரமாட்டார். இடைவெளி எல்லா இலக்கங்களையும் விடச் சிறியது. பெரும்பாலானவர்கள் 18க்கும் 40க்கும் இடையில் பறிக்கும் நாட்களில் பட்டியல் சரியாகத்தான் இருக்கும். மழைநாளில், ஒற்றை இலக்கக் கிலோக்கள் வரும்போதுதான் பிசகும். தாழ்நிலத் தோட்டங்களில் மழைநாள் குறைவா என்ன?

அரை நாள் வேலைக்குப் போடும் அரைப்பேர் விடயமும் இப்படித்தான். 0.5 என்று வர வேண்டியதை முழுவெண் புலத்தில் போட்டால் மை எஸ்.கியூ.எல். அதை 1 ஆக்கும், மைக்ரோசொப்ட்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் 0 ஆக்கும். ஒரு தரவுத்தளத்தில் தோட்டத்துக்கு நட்டம், இன்னொன்றில் தொழிலாளிக்கு.

வகைப் பிழையைக் கண்டதும் நின்றுவிடும் தரவுத்தளங்களை வேலை கெடுக்கின்றன என்று நிரலர்கள் திட்டுவதுண்டு. 2008 பெப்ரவரியில் போஸ்ட்கிரெஸ் தன் 8.3ஆம் பதிப்பில், எண்ணையும் திகதியையும் தானாக எழுத்தாக மாற்றும் வழக்கத்தைப் பெருமளவு நிறுத்தியது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வினவல்கள் ஒரே நாளில் பிழைச் செய்தி காட்டின. போஸ்ட்கிரெஸ் செய்ததே சரி என்பது என் உறுதியான எண்ணம். நின்றுவிட்ட வினவலை யாராவது வந்து திருத்துவார்கள். தவறான பட்டியலைக் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் வினவலை யாரும் திருத்தமாட்டார்கள், அந்தப் பட்டியலில் விடுபட்டவர் வந்து கேட்கும் வரைக்கும். கேட்பதற்கு அவருக்கு ஒரு நாள் வேலை போக வேண்டும். கேட்ட இடத்தில், கணினியில் இப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தால் மேற்கொண்டு வாதாடும் தெம்பும் வேண்டும்.

எஸ்.கியூ.எல். சேர்வரும் ஒராக்கிளும் இரண்டுக்கும் இடைப்பட்டவை. எழுத்துப் புலத்தை எண்ணோடு ஒப்பிட்டால் புலத்தில் உள்ளவற்றை எண்ணாக மாற்றப் பார்க்கும். மாற்ற முடியாத ஒரு வரி வந்தால் அங்கேயே பிழையோடு நிற்கும். அடையாள அட்டைப் புலத்தில் 12 இலக்கம் மட்டுமே இருக்கும் ஓர் அலுவலகத்தில் வினவல் மாதக்கணக்கில் நன்றாக ஓடும். பழைய அட்டையோடு ஒருவர் வேலைக்குச் சேர்ந்த அன்று மொத்த அறிக்கையும் நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு அந்த மனிதரின் பதிவில் ஏதோ கோளாறு என்றே தோன்றும். அவருடைய பதிவு சரியாகத்தான் இருக்கிறது.

தோட்டத்து மக்களின் விடயத்தில் இதை நான் இவ்வளவு தூரம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிக்கையாகப் பங்கிட்டது. மீதமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது, எந்தத் தாளில் எந்த எழுத்து இருக்கிறது என்பதில் மூன்று தலைமுறை வாழ்க்கை தங்கியிருந்தது. சேமலாப நிதிக்கும், வங்கிக் கணக்குக்கும், வாக்காளர் இடாப்புக்கும் இன்றைக்குத் திறவுகோலாக இருக்கும் அந்த இலக்கத்தை, கூட்டிக் கழிக்கும் எண் என்று நினைத்து ஒரு மென்பொருள் வெட்டுவதையும் உருட்டுவதையும் சின்ன விடயமென்று என்னால் விட முடியவில்லை.

பரிகாரம் கடினமானதல்ல. கூட்டவோ பெருக்கவோ சராசரி எடுக்கவோ போவதில்லையென்றால் அது எண் அல்ல. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். அடையாள அட்டை, தொலைபேசி, அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு எல்லாம் எழுத்துப் புலத்துக்குரியவை. கிலோவும் பேரும் சம்பளமும் எண் புலத்துக்குரியவை, பேருக்கும் கிலோவுக்கும் தசமம் வேண்டும். பழைய அட்டை இலக்கத்தைப் பட்டியலில் ஏற்றும்போதே 12 இலக்க வடிவத்துக்கு மாற்றி ஒரு புலத்திலும், அட்டையில் உள்ளபடியே இன்னொரு புலத்திலும் வைத்துக்கொள்வது நல்லது. வயதையும் பாலையும் ஒவ்வொரு தடவையும் இலக்கத்திலிருந்து வெட்டி எடுக்காமல், ஒரு தடவை எடுத்துச் சரிபார்த்துத் தனிப் புலங்களில் வைத்துவிட்டால், ‘061’ஐ 500ஓடு ஒப்பிடும் நிலையே வராது. ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், வெட்டி எடுத்த துண்டை முழுவெண்ணாக மாற்று என்று வினவலில் வெளிப்படையாக எழுத வேண்டும். எல்லாத் தரவுத்தளங்களிலும் அதற்குக் கட்டளை உண்டு. எஸ்.கியூ.லைட்டிலும் 2021 நவம்பரில் வந்த 3.37ஆம் பதிப்பிலிருந்து அட்டவணையை உருவாக்கும்போது கடைசியில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். சேர்த்தால் ‘ஸ்ட்ரிங்’ போன்ற தெரியாத வகைப் பெயர்களை அது ஏற்காது. முழுவெண் புலத்துக்குள் ‘வீ’யோடு முடியும் இலக்கத்தையும் விடாது.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. எஸ்.கியூ.லைட்டில் ‘டைப்-ஒஃப்’ என்ற செயற்பாடு ஒவ்வொரு பெறுமதியும் உண்மையில் எந்த வகையில் உள்ளே இருக்கிறது என்று சொல்லும். அடையாள அட்டைப் புலத்தை அதன்படி குழுவாக்கி எண்ணிப் பாருங்கள். எல்லாம் எழுத்து என்று ஒரே வரி வர வேண்டும். முழுவெண் இத்தனை, எழுத்து இத்தனை என்று இரண்டு வரி வந்தால், அந்தப் புலத்தை வைத்து இதுவரை எடுத்த ஒவ்வொரு பட்டியலையும் அட்டைகளோடு ஒப்பிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அதில் முதலில் எடுக்க வேண்டியது 50க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண்களின் பெயர்கள்.